நடிப்பா நிஜமான்னு கேக்குறதை முதல்ல நிறுத்துங்க

நேத்து நைட் ஷிஃப்ட்டுக்குப் போறேன். கும்மிடிப்பூண்டி லோக்கல். மீஞ்சூர்ல கூட்டம் இறங்கினதும் உக்கார இடம் கிடைச்சுது. எதிர் சீட்டுல ரெண்டு பேர். ஒருத்தர் சூப்பர்வைசர்னு பேச்சுலயே தெரியுது.

அவங்க கம்பெனியில ஒரு பொண்ணு லைன்ல நின்னுட்டு இருக்கும்போதே விழுந்திருக்கு. கை கால் வெட்டி வெட்டி இழுத்திருக்கு. ஆஸ்பத்திரியில ஸ்கேன் பண்ணி, ஈஈஜி எடுத்து, எல்லாம் நார்மல்னு அனுப்பிட்டாங்க.

"அப்பவே சொன்னேன் சார், ஆக்டிங்னு. ஃபிட்ஸ் வந்தா கண்ணு மேல சொருகும்ல? இது கண்ணை இறுக்கி மூடிக்கிச்சு. லீவு கேட்டுச்சு, தரல. அதான்."

பக்கத்துல இருந்தவரு சிரிச்சாரு. கவரைப்பேட்டை வரைக்கும் இதே பேச்சு.

அந்தக் கடுப்புலதான் எழுதுறேன். (ரயில்லயே கேட்டிருக்கலாமேன்னு சொல்லுவீங்க. இதுக்கு ரெண்டு ஸ்டேஷன் பத்தாது. முழுசா படிச்சா ஏன்னு தெரியும்.)

நான் சிப்காட்ல மெயின்டெனன்ஸ். லைன் திடீர்னு நின்னுடும். ஓடிப் போய்ப் பாத்தா மோட்டார் நல்லா இருக்கும், பெல்ட் நல்லா இருக்கும், ஒயர் எதுவும் எரிஞ்சிருக்காது. சென்சார் மட்டும் இல்லாத தடையை இருக்குன்னு காட்டி ட்ரிப் ஆகியிருக்கும். அந்த இடத்துல நின்னுக்கிட்டு எவனாவது "இந்த கன்வேயர் நடிக்குது"ன்னு சொல்லுவானா?

லைன் நின்னது நிஜம். உருப்படி போனது நிஜம். எந்த பார்ட்டும் எரியலைங்கிறதும் நிஜம். மெஷினுக்குக் கொடுக்குற இந்த மரியாதையை மனுஷிக்குக் கொடுக்க மாட்டேங்கறோம்.

மனசு சம்பந்தப்பட்டு உடம்புல இந்த மாதிரி வர்றதுல மூணு குடும்பம் இருக்கு. பதற்றம். அப்புறம் டிஸ்ஸோசியேட்டிவ்னு சொல்றது, அதாவது நினைப்பும் ஞாபகமும் உடம்பும் ஒண்ணை விட்டு ஒண்ணு விலகிப் போறது. மூணாவது, மனசுல இருக்கிற பாரம் உடம்பு வலியா வர்றது. மூணுக்கும் நடுவுல வேலி ஒண்ணும் கிடையாது. ஒரே ஆளுக்கு மூணும் வரலாம்.

முதல்ல பதற்றம். இதுல எனக்கே சொந்த அனுபவம் உண்டு.

தொடர்ந்து நைட் ஷிஃப்ட் போட்டிருந்த ஒரு சமயம். விடிகாலையில கம்பெனி பஸ்ல ஜன்னலோரம் உக்காந்திருக்கேன். சும்மாதான் இருக்கேன். திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்குது. மூச்சு உள்ள போகவே மாட்டேங்குது. உள்ளங்கையெல்லாம் வேர்க்குது. விரல் நுனி ஜிவ்வுன்னு மரத்து, கை கொக்கி மாதிரி மடங்குது. செத்துட்டோம்னு நினைச்சேன்.

சோடா வாங்கிக் குடுத்தாங்க. அடுத்த தடவை பெருங்காய மோர். அதுக்கடுத்து கேஸ் மாத்திரை. (நம்ம ஊர்ல நெஞ்சுல எது நடந்தாலும் கேஸ்தான். காதல் தோல்வி வந்தாலும் முதல்ல ஒரு கேஸ் மாத்திரை போட்டுப் பாக்கச் சொல்லுவாங்க.) ஒரு கிளினிக்ல ஈசிஜி எடுத்தாங்க. சுத்தமா இருந்துது. "ஒண்ணும் இல்ல தம்பி, போங்க" அவ்வளவுதான். ஒண்ணும் இல்லாமலா நான் செத்துப் பொழைச்சேன்?

அப்புறம் மனநல டாக்டர் ஒருத்தர்தான் உக்கார வச்சு விளக்கினாரு. பயத்துல வேகவேகமா மூச்சு விடுறோம். ரத்தத்துல இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடு குறையுது. ரத்தத்தோட அமிலத்தன்மை மாறுது. அதுல ஓடுற கால்சியம் வேலை செய்யுற விதம் மாறி, விரல் மரக்குது, கை இழுத்துப் பிடிக்குது. மூளைக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கி, தலை சுத்துது. இதைப் பாத்து இன்னும் பயம். இன்னும் வேகமா மூச்சு. பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போய், கொஞ்ச நேரத்துல தானா இறங்கும்.

அதுக்குப் பேரு பேனிக் அட்டாக். கை மடங்கினதுக்குப் பக்காவா ரசாயனக் காரணம் இருக்கு. இதுல நடிப்பு எங்க வந்துது?

மூச்சை உள்ள இழுக்கிறதைப் பத்திக் கவலையே படாம, வெளிய விடறதை மட்டும் மெதுவா, நீளமா விடச் சொன்னாரு. அது எனக்கு வேலை செஞ்சுது. யூடியூப் பாத்து பேப்பர் கவருக்குள்ள மூச்சு விடாதீங்க. வந்திருக்கறது ஆஸ்துமாவோ ஹார்ட் அட்டாக்கோன்னா அது ஆபத்து. முதல் தடவை நெஞ்சு வலி வந்தா டாக்டர்கிட்ட போயே ஆகணும், ஈசிஜி எடுத்தே ஆகணும். அதுல மாற்றுக் கருத்தே கிடையாது.

மருந்தும் இருக்கு. எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் மாதிரி மாத்திரைகள் வேலை செய்ய ரெண்டு வாரத்துல இருந்து ஆறு வாரம் வரைக்கும் ஆகும். நாலு நாள் போட்டுட்டு "கேக்கல"ன்னு தூக்கிப் போடறதுதான் நம்மாளுங்க வழக்கம். அல்ப்ராசோலம் உடனே கேக்கும். ஆனா மாசக்கணக்குல போட்டா அதை விட முடியாம ஆயிடலாம். மருந்துக் கடைக்காரர் நண்பரா இருக்காருங்கிறதுக்காக வாங்கி முழுங்காதீங்க.

அடுத்தது, விலகிப் போறது.

பொன்னேரியில இறங்க வேண்டியவரு ஏதோ யோசனையில கும்மிடிப்பூண்டி வரைக்கும் போய் முழிப்பாரு. நடுவுல கவரைப்பேட்டை வந்ததே தெரிஞ்சிருக்காது. இது எல்லாருக்கும் நடக்கும், வியாதி கிடையாது. தாங்க முடியாத அழுத்தத்துல இதே சமாசாரம் பெரிசா, அடிக்கடி நடக்கும்போதுதான் சிக்கல். சுத்தி இருக்கறதெல்லாம் கனவு மாதிரி தெரியும். ஞாபகத்துல ஓட்டை விழும். குரல் போயிடும். கால் வராது. வலிப்பு மாதிரி இழுக்கும். பிரான்ஸ்ல பியர் ழானே 1889லயே இதையெல்லாம் எழுதி வச்சுட்டாரு.

நமக்கு யாரு சொல்லிக் குடுத்தா? சினிமா. 2005ல ஏப்ரல்ல சந்திரமுகி, ஜூன்ல அந்நியன். (ரஜினியே சைக்கியாட்ரிஸ்ட்டா வந்தாரு, அந்த வகையில நல்லதுதான்.) அதுக்கப்புறம் நம்ம ஊர்ல எவன் காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு பேசினாலும் ஸ்ப்ளிட் பர்சனாலிட்டின்னு பேரு வச்சாச்சு. நிஜத்துல அந்த ரகம் ரொம்ப அபூர்வம். ட்ரெஸ் மாத்தி, பாஷை மாத்தி, கொலை பண்ணப் போறவங்க யாரும் அவுட்பேஷன்ட் வரிசையில நிக்கறதில்ல. அங்க நிக்கறது, பரீட்சைக்கு முந்தின நாள் குரல் போன பொண்ணு. கடன்காரன் வந்துட்டுப் போன ராத்திரி கால் வராமப் போன அப்பா.

"அப்போ சாமி வர்றது?"ன்னு கேப்பீங்க.

ஆடி மாசம் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்குப் போயிருக்கீங்களா? வேப்பஞ்சேலை கட்டிட்டு, உடுக்கைச் சத்தத்துல சாமி வந்து ஆடுவாங்க. ஆடி முடிச்சு, தண்ணி குடிச்சுட்டு, பொங்கல் வைக்கப் போயிடுவாங்க. அது வியாதி கிடையாதுன்னு மருத்துவமே சொல்லுது. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்லயே தெளிவா இருக்கு: ஒரு சமூகம் ஏத்துக்கிட்ட சடங்குக்கு வெளிய, அந்த ஆளுக்கே வேண்டாத நேரத்துல வந்து, பொழைப்பைக் கெடுத்தாதான் நோய். கோயில்ல வர்றதைக் கும்பிடுங்க. அசெம்பிளி லைன்ல, வேண்டாம் வேண்டாம்னு அழும்போது வந்தா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ரெண்டுக்கும் நடுவுல சண்டையே கிடையாது.

இப்போ அந்த சூப்பர்வைசர் சாருக்கு வருவோம்.

கண்ணை இறுக்கி மூடிக்கிச்சுன்னாரே, சரியாத்தான் கவனிச்சிருக்காரு. மூளையில மின்சாரக் கோளாறால வர்ற காக்கா வலிப்புல பெரும்பாலும் கண்ணு திறந்திருக்கும். விலகல்ல வர்ற வலிப்புல பெரும்பாலும் மூடியிருக்கும். டாக்டர்கள் இதை ஒரு அறிகுறியா எடுத்துக்கிட்டு ரெண்டையும் பிரிப்பாங்க. அதாவது, சார் நடிப்புக்கு ஆதாரம்னு நினைச்சது நோய்க்கான ஆதாரம்!

ஈஈஜி நார்மல்ங்கிறதும் அப்படித்தான். காக்கா வலிப்பு இருக்கிறவங்களுக்கே, வலிப்பு வராத நேரத்துல எடுத்தா நார்மலா வரலாம். வலிப்பு வரும்போதே வீடியோவும் ஈஈஜியும் சேர்த்து எடுத்தாதான் தீர்மானமா சொல்ல முடியும். ஒரு நார்மல் ரிப்போர்ட்டை வச்சுக்கிட்டு ரயில்ல தீர்ப்பு எழுதக் கூடாது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு சோதனை இருக்கு. 1908ல சார்லஸ் ஹூவர்னு ஒரு அமெரிக்க டாக்டர் சொன்னது. ஒரு கால் வரலைங்கிற ஆளைப் படுக்க வைப்பாங்க. வராத காலோட குதிகாலுக்கு அடியில டாக்டர் கையை வைப்பாரு. அந்தக் காலைக் கீழ அழுத்தச் சொன்னா, அசைவே இருக்காது. இப்போ நல்லா இருக்கிற காலை மேல தூக்கச் சொல்லி, அதை இன்னொரு கையால தடுப்பாரு. நல்ல காலைத் தூக்க முயற்சி பண்ற அந்த நொடியில, வராத கால் தானா டாக்டர் கையைக் கீழ அழுத்தும்!

நரம்பு, தசை எல்லாம் நல்லா இருக்கு. கவனம் அந்தக் கால் மேல போனா ஓடாது, கவனம் விலகினா ஓடுது. சில டாக்டர்கள் இப்போ இதை நோயாளிக்கே செஞ்சு காட்டுறாங்க. "பாருங்க, கால் வேலை செய்யுது, வழிதான் அடைச்சிருக்கு, திறந்துடலாம்"னு சொல்லி பிசியோதெரபி ஆரம்பிக்கறாங்க. "ஒண்ணும் இல்ல போ"ன்னு அனுப்புறதுக்கும் இதுக்கும் எவ்வளவு தூரம்!

மூணாவது, உடம்பு வலியா வர்றது.

அமாவாசை அன்னிக்கு திருவள்ளூர் போங்க. வைத்திய வீரராகவர் கோயில் குளத்துல வெல்லத்தைக் கரைச்சுட்டு நிக்கிற கூட்டத்துக்கிட்ட பேச்சுக் குடுங்க. வயித்து வலி, முதுகு வலி, உடம்பெல்லாம் எரிச்சல், கிறுகிறுப்பு. "மனசு சரியில்ல"ன்னு சொல்லி அங்க யாரும் ஆரம்பிக்க மாட்டாங்க. கொஞ்சம் நேரம் குடுத்தா, வயித்து வலிக்குப் பின்னாடி மருமக வருவா, வட்டி வரும், வேலை போன பையன் வருவான். கூடவே நிஜமான குடல்புண்ணும் இருக்கலாம். அதான் விஷயமே.

2013ல வந்த அமெரிக்க மனநலக் கையேடு, அஞ்சாவது பதிப்பு, இங்க ஒரு நல்ல காரியம் பண்ணுச்சு. அதுவரைக்கும், உடம்புல காரணம் இல்லைன்னா மனசுன்னு எழுதுவாங்க. இப்போ அந்த நிபந்தனையைத் தூக்கிட்டாங்க. காரணம் இருக்கோ இல்லையோ, அந்த வலியைப் பத்தின கவலை ஒரு ஆளோட நாளையே முழுங்குதுன்னா அதுக்கு வைத்தியம் பண்ணணும்னு மாத்தினாங்க. இந்த வகைக்கு வச்சிருந்த சொமாட்டோஃபார்ம்ங்கிற பழைய தலைப்பும் போச்சு.

இளவட்டப் பசங்க கதை தனி. ரயில் பாதை ஓரச் சுவர் முழுக்க என்ன எழுதியிருக்கு? பரம்பரை வைத்தியர் லாட்ஜுக்கு வர்ற தேதி. விந்து போச்சு, அதனாலதான் களைப்பு, மறதி, கை கால் நடுக்கம்னு பயந்து போய் நிக்கிறவங்களுக்காகவே நடக்குற வியாபாரம் அது. இந்தப் பயத்துக்கு 1960லயே என்.என். விக்னு நம்ம நாட்டு மனநல மருத்துவர் பேரு வச்சாரு, தாது சிண்ட்ரோம்னு. பீகார், ஒடிசாவுல இருந்து ரோலிங் மில்லுக்கு வந்து, ஒரே ரூம்ல கும்பலா படுத்து, மாறி மாறி ஷிஃப்ட் பாக்குற பையனுக்கு களைப்பு வராம என்ன வரும்? அதுக்கு லேகியம் டப்பா விக்கறான். தூங்குறதுக்கு ஒரு ராத்திரி எவனும் தரல.

இன்னொண்ணு சொல்லணும். தெனாலி படம், 2000ல வந்துது. எதைப் பாத்தாலும் பயப்படுற இலங்கைத் தமிழரா கமல். விழுந்து விழுந்து சிரிச்சோம். அந்தப் பயம் போர்ல இருந்து வந்ததுன்னு படத்துலயே சொல்லுவாங்க, நாம அடுத்த காமெடிக்குப் போயிட்டோம். நம்ம கும்மிடிப்பூண்டியிலயே 1990ல இருந்து இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு. யாழ்ப்பாணத்துல வேலை பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் மனசை என்ன பண்ணுச்சுன்னு 1998ல ஒரு புத்தகமே எழுதினாரு. தலைவலி, உடம்பு வலி, நெஞ்சு படபடப்புன்னு வந்தவங்களுக்குள்ள குண்டுச் சத்தம் இருந்துதுன்னு அவர் எழுதினதைப் படிச்சப்புறம் அந்தப் படத்தைப் பழைய மாதிரி பாக்க முடியல.

சரி, இப்போ இன்னொரு பக்கம். இது நம்ம ஏரியாவுக்கு ரொம்ப முக்கியம்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர்ல அமோனியா கசிஞ்சுது. கடலுக்கடியில போற குழாய்ல இருந்து. ஜனங்க கண்ணு எரிஞ்சு, மூச்சு முட்டி, தூக்கத்துல இருந்து எழுந்து தெருவுக்கு ஓடினாங்க. நிறைய பேரை ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. அது பதற்றம் கிடையாது, விஷ வாயு.

அடுத்த வருஷம், 2024 அக்டோபர் கடைசியில, திருவொற்றியூர்ல ஒரு ஸ்கூல். ஏதோ நெடி வந்துச்சுன்னு பிள்ளைங்களுக்கு மூச்சுத் திணறல், மயக்கம். ஸ்கூலை மூடினாங்க, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வந்து சோதிச்சுது. நவம்பர் 4 திறந்தாங்க. மறுபடியும் பிள்ளைங்க மயங்கினாங்க. வாயு எங்க இருந்து வந்ததுன்னு கண்டுபிடிக்க முடியல. உடனே டீக்கடையில ரெண்டு கட்சி. ஒரு கட்சி, "கண்டிப்பா கேஸ்தான், மறைக்கறாங்க." இன்னொரு கட்சி, "பசங்க ட்ராமா."

யோசிச்சுப் பாருங்க. முதல் தடவை நிஜமாவே ஒரு நெடியை முகர்ந்து மூச்சு முட்டின குழந்தை, அதே வகுப்புல, அதே மாதிரி லேசா ஒரு வாசம் வந்தா எப்படி இருக்கும்? அந்த உடம்பு சும்மா இருக்குமா? அந்த ஸ்கூல்ல என்ன நடந்துதுன்னு தீர்ப்பு சொல்ல நான் வரல. வாயுவும் பயமும் ஒண்ணுக்கொண்ணு எதிரி கிடையாதுன்னு மட்டும் சொல்றேன். ஒண்ணு கதவைத் திறந்து விட்டா இன்னொண்ணு பின்னாடியே வரும்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கு. மனசுதான்ங்கிற வார்த்தை சில நிர்வாகங்களுக்கு ரொம்ப சௌகரியம். அளந்து பாக்காமலே, எக்ஸாஸ்ட் ஃபேனை சரி பண்ணாமலே, "எல்லாம் ஹிஸ்டீரியா"ன்னு ஃபைலை மூடிடலாம். அதனால வரிசை ரொம்ப முக்கியம். முதல்ல காத்து, தண்ணி, சாப்பாடு, ரசாயனம் எல்லாத்தையும் சோதிக்கணும். ரிசல்ட்டை நோட்டீஸ் போர்டுல ஒட்டணும். அதுக்கப்புறம்தான் மனசைப் பத்திப் பேசணும்.

மனசுதான்னு தெரிஞ்சாலும் கம்பெனிக்கு வேலை முடியல. 1973ல சிங்கப்பூர்ல ஒரு டிவி தொழிற்சாலையில பொண்ணுங்க கத்தி மயங்கி விழ ஆரம்பிச்சாங்க. ஒருத்தரைப் பாத்து ஒருத்தருக்கு. மலேசியாவுலயும் எலக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரிகள்ல இதே கதை. பேய்ங்கிறாங்க, நிர்வாகமே மந்திரவாதியைக் கூட்டிட்டு வந்து பூஜை போட்டுது. ஐவா ஓங்ங்கிற மானிடவியல் ஆய்வாளர் 1987ல எழுதின புத்தகத்துல வேற கோணம் சொன்னாங்க: கிராமத்துல இருந்து வந்து, மைக்ரோஸ்கோப்ல கண்ணை வச்சுக்கிட்டு, பாத்ரூம் போக பர்மிஷன் கேட்டு நிக்கிற பொண்ணுங்க வாயால சொல்ல முடியாததை உடம்பு சொல்லுது. எனக்கு அது சரின்னு படுது. நம்ம சிப்காட்ல மைக்ரோஸ்கோப்புக்குப் பதிலா டார்கெட் போர்டு. வேற வித்தியாசம் பெரிசா தெரியல.

இனி, உங்க லைன்ல ஒருத்தர் விழுந்தா என்ன பண்றது?

கையில இரும்புச் சாவியைத் திணிக்காதீங்க. எந்த வலிப்பும் சாவிக்கு நிக்காது. வாயில எதையும் வைக்காதீங்க. பக்கத்துல இருக்கிற மெஷினை நிறுத்துங்க. தலைக்கு அடியில ஏதாவது மெத்துனு வைங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. எவ்வளவு நேரம் இழுக்குதுன்னு மணி பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா 108. எந்த வகை வலிப்புன்னு நீங்க முடிவு பண்ண வேண்டாம். சுத்தி நின்னு வீடியோ எடுக்கிற கூட்டத்தை விரட்டுங்க. (டாக்டர்கிட்ட காட்ட ஒரே ஒருத்தர் எடுத்தா உதவும். குரூப்ல போடறதுக்கு இல்ல.) எழுந்ததும் "என்னம்மா நடிச்சியா?"ன்னு கேக்காதீங்க. ஒரு அக்காவைப் பக்கத்துல உக்கார வைங்க.

பேசறதுக்கு ஆள் வேணும்னா டெலி மனஸ், 14416. 2022 அக்டோபர்ல ஆரம்பிச்ச இலவச அரசு எண், ராத்திரி ஷிஃப்ட்லயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். திருவள்ளூர்ல 2022ல இருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. இன்னும் தூரம் போக முடிஞ்சா சென்னையில ஸ்டான்லி ஆஸ்பத்திரி, கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி. கீழ்ப்பாக்கம்னதும் சிரிக்காதீங்க, அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் பாதி பேர் லேகியம் வாங்குறாங்க.

ஈ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். உங்க சம்பளத்துல மாசா மாசம் 0.75 சதவீதம் பிடிக்கறாங்க. டாக்டர் சர்டிஃபிகேட் குடுத்தா, தகுதி இருந்தா, வருஷத்துல 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 சதவீதம் கிடைக்கும். கை உடைஞ்சாதான் குடுப்பாங்கன்னு நினைச்சுட்டு இருக்காதீங்க. அது உங்க காசு, கேளுங்க.

கடைசியா அந்த சூப்பர்வைசர் சாருக்கு. ஒரு பேச்சுக்கு நீங்க சொன்னதே சரின்னு வச்சுக்குவோம். அந்தப் பொண்ணு லீவுக்காகத்தான் நடிச்சுதுன்னே இருக்கட்டும். ஒரு நாள் லீவு வாங்க ஒரு ஆள் கான்கிரீட் தரையில மண்டை அடிபட விழ வேண்டியிருக்குன்னா, முதல்ல எடுத்துப் பாக்க வேண்டியது ஈஈஜியா, இல்ல உங்க ஷிஃப்ட் சார்ட்டா?